கருவாலிப் பீப்பாய் வெள்ளை வைன்

கருவாலிப் பீப்பாய் வெள்ளை வைன் என்பது, கருவாலி (ஓக்) மரத்தாலான பீப்பாய்களில் நொதிக்க வைத்தோ, சில மாதங்கள் முதல் இரண்டு ஆண்டுகள் வரை முதிர வைத்தோ ஆக்கப்படும் வெள்ளைத் திராட்சை மது ஆகும். பிரான்சு நாட்டின் பர்கண்டி, போர்தோ ஆகிய பகுதிகள் இவ்வகைக்குப் பெயர் பெற்றவை. எஃகுத் தொட்டியில் ஆக்கப்படும் வெள்ளை வைன் பழமணமும் கூர்மையான புளிப்பும் கொண்டது. பீப்பாயில் முதிர்ந்தது பொன்னிறமும், வெண்ணெய் போன்ற வழவழப்பும், வனிலா, கிராம்பு, வறுத்த கொட்டை ஆகியவற்றை நினைவூட்டும் மணமும் கொண்டது. இவ்வேறுபாட்டுக்கு மரம் ஒன்றே காரணம் அன்று. மரத்தின் வழியே மெல்லப் புகும் காற்றும், பீப்பாயின் அடியில் தங்கும் நொதிமண்டியும் சமமான பங்கு வகிக்கின்றன.

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி நகரம் கடல்வழி வந்த வைனை இருவேறு காலங்களில் அறிந்துள்ளது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அது அரிக்கமேட்டுக்கு மண்சாடிகளில் வந்தது. பின்னர் பிரெஞ்சுக் கும்பினியின் கப்பல்களில் மரப்பீப்பாய்களில் வந்தது.

பெயர்

திராட்சை மது தமிழில் வைன், ஒயின், திராட்சை இரசம் எனப் பலவாறு எழுதப்படுகிறது. பீப்பாய் என்னும் சொல் போர்த்துக்கேய மொழியின் "பிப்பா" என்பதிலிருந்து தமிழுக்கு வந்தது. கருவாலி என்பது குவெர்க்கசு பேரினத்தைச் சேர்ந்த மரங்களின் பொதுப்பெயர். வைன் புட்டியை மூடும் தக்கையும் இப்பேரினத்தைச் சேர்ந்த மற்றொரு மரத்தின் பட்டையே ஆகும். ஆகவே பீப்பாயில் முதிர்ந்து தக்கையால் மூடப்பட்ட வைன், தன் வாழ்நாளில் இரண்டு கருவாலி இனங்களைச் சார்ந்திருக்கிறது.

பிரெஞ்சு வைன்களின் ஒட்டுத்தாளில் "எலவே ஆன் ஃப்யூ து ஷேன்" என்னும் தொடர் காணப்படலாம். "கருவாலிப் பீப்பாய்களில் வளர்க்கப்பட்டது" என்பது இதன் பொருள். வைனை முதிர வைப்பதைப் பிரெஞ்சு மொழி பிள்ளையை வளர்ப்பதைக் குறிக்கும் அதே சொல்லால் குறிப்பது கவனிக்கத்தக்கது.

சாடியிலிருந்து பீப்பாய்க்கு

பண்டைய மத்தியதரைக் கடல் நாடுகளில் வைன் இரு கைப்பிடிகளும் கூரிய அடியும் கொண்ட ஆம்போரா என்னும் சுடுமண் சாடிகளில் அனுப்பப்பட்டது. சுடுமண்ணில் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே வைன் கசியாதிருக்கச் சாடியின் உட்புறம் மரப்பிசின் பூசப்பட்டது. இதனால் வைனில் பிசின் மணம் ஏறியது. கலத்தின் மணம் மதுவில் சேர்வது மரப்பீப்பாயுடன் தொடங்கியதன்று என்பதை இது காட்டுகிறது.

வளைந்த மரப்பலகைகளை வளையத்தால் இறுக்கிச் செய்யும் பீப்பாயைப் பண்டைய கால் நாட்டவர், அதாவது இன்றைய பிரான்சுப் பகுதியில் வாழ்ந்த கெல்ட்டிய மக்கள், நன்கு அறிந்திருந்தனர். உரோமர்கள் அவர்களிடமிருந்து அதனை ஏற்றனர். பீப்பாய் சாடியை விட எடை குறைந்தது. எளிதில் உடையாதது. ஓர் ஆள் தனியே உருட்டிச் செல்லத்தக்கது. பொது ஊழிக் காலம் 2, 3ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பிய வைன் வணிகத்தில் பீப்பாய் பெரிதும் சாடியின் இடத்தைப் பிடித்தது. ஆகவே பீப்பாய் முதலில் ஒரு போக்குவரத்துக் கலமே. அது மதுவின் சுவையை மேம்படுத்துவது பின்னரே உணரப்பட்டது.

மரம்

ஐரோப்பாவில் பீப்பாய் செய்ய இரண்டு கருவாலி இனங்கள் பயன்படுகின்றன. குவெர்க்கசு பெத்ரேயா என்பது நெருக்கமான ஆண்டு வளையங்களும் மிகுந்த மணமும் கொண்டது. குவெர்க்கசு ரோபர் அகன்ற வளையங்களும் மிகுந்த துவர்ப்புப் பொருளும் கொண்டது. வைனுக்கு முதல் இனம் விரும்பப்படுகிறது. இரண்டாவது இனம் மிகுந்துள்ள லிமூசேன் பகுதி மரம் கொன்யாக் பிராந்திக்குப் பெரிதும் பயன்படுகிறது. அமெரிக்க வெள்ளைக் கருவாலி வேறோர் இனம். தேங்காயை ஒத்த மணம் தரும் சேர்மம் அதில் மிகுதி.

நடுப் பிரான்சில் அலியே மாவட்டத்திலுள்ள திரோன்சே காடு பீப்பாய் மரத்துக்கு மிகவும் புகழ் பெற்றது. 14ஆம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர், அழிந்துகொண்டிருந்த இக்காட்டைக் கடற்படைக்குக் கப்பல் மரம் கிடைப்பதற்காக 1670இல் சீரமைக்கச் செய்தார். கருவாலி முற்றுவதற்கு 150 முதல் 200 ஆண்டுகளுக்கு மேலாகும். அம்மரங்கள் முற்றி வந்த 19ஆம் நூற்றாண்டில் போர்க்கப்பல்கள் இரும்பாலானவையாக மாறிவிட்டன. கப்பலுக்கென வளர்க்கப்பட்ட காட்டின் மரம் வைன் பீப்பாய்களுக்குப் பயன்படலாயிற்று. இதே கோல்பேர் 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினி அமைய வழிவகுத்தார் என்பதும், அக்கும்பினியே புதுச்சேரியில் குடியேற்றத்தை நிறுவியது என்பதும் குறிப்பிடத்தக்கன.

பீப்பாய் செய்தல்

ஐரோப்பியக் கருவாலியை வாளால் குறுக்கும் நெடுக்கும் அறுத்தால் அதன் நாளங்கள் வெட்டுப்பட்டு வைன் கசியும். எனவே மரம் இழையோட்டத்தை ஒட்டிப் பிளக்கப்படுகிறது. இதனால் அடிமரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே பலகையாகத் தேறும். அமெரிக்க மரத்தின் நாளங்கள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் அதனை அறுத்துப் பயன்படுத்தலாம். பிரெஞ்சுப் பீப்பாயின் விலை கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

பிளந்த பலகைகள் திறந்த வெளியில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் அடுக்கி வைக்கப்படுகின்றன. மழையும் பூஞ்சைகளும் மரத்தின் கடுந்துவர்ப்பைக் குறைக்கின்றன. பின்னர்ப் பலகைகளை வட்டமாக நிறுத்தி, நடுவில் தீ மூட்டி, வெப்பத்தால் வளைத்து, இரும்பு வளையங்களால் இறுக்குவர். பசை எதுவும் பயன்படுத்தப்படுவதில்லை. வளைத்த பின்னரும் உட்புறம் தீயில் வாட்டப்படுகிறது. இவ்வாட்டம் இளம், நடு, கடும் என மூவகைப்படும். கடும் வாட்டத்தில் புகை, காப்பி ஆகியவற்றின் மணம் மிகும்.

பர்கண்டிப் பீப்பாய் 228 லீட்டரும், போர்தோப் பீப்பாய் 225 லீட்டரும் கொள்ளும். 228 லீட்டர் என்பது 750 மில்லிலீட்டர் அளவுள்ள ஏறத்தாழ 300 புட்டிகளுக்குச் சமம். புதுப் பீப்பாய் ஒன்றின் விலை 900 யூரோ எனக் கொண்டால், மரத்தின் செலவு மட்டும் புட்டிக்கு 3 யூரோ ஆகிறது. பீப்பாய் மணம் தருவது முதல் மூன்று அல்லது நான்கு முறையே. அதன் பின் அது மணமற்ற கலமாகவே பயன்படும்.

வைன் ஆக்கும் முறை

சிவப்பு வைனில் திராட்சைத் தோல் சாற்றுடன் சேர்ந்து நொதிக்கிறது. வெள்ளை வைனில் பழம் முதலிலேயே பிழியப்பட்டுத் தோல் நீக்கப்படுகிறது. தெளிந்த சாறு பீப்பாய்களில் நிரப்பப்பட்டு அங்கேயே நொதிக்கிறது. நொதித்து முடிந்த வைனைப் பீப்பாயில் இடுவதை விட, சாற்றையே பீப்பாயில் நொதிக்க விடுவது மரமணத்தை மென்மையாக்கும். முரணாகத் தோன்றும் இதற்குக் காரணம் நொதிமங்களே. அவை மரத்திலிருந்து வரும் வனிலினை மணம் குன்றிய வேறொரு சேர்மமாக மாற்றிவிடுகின்றன. இறந்த நொதிமங்களும் மணப்பொருள்களில் ஒரு பகுதியை ஈர்த்துக்கொள்கின்றன.

நொதித்தல் முடிந்ததும் நொதிமங்கள் மண்டியாக அடியில் படிகின்றன. பீப்பாயின் வாய்வழியே ஒரு கோலை நுழைத்து இம்மண்டியை அவ்வப்போது கிளறுவது பர்கண்டி மரபு. மண்டியின் செல்கள் சிதைந்து வைனுக்குத் திண்மையும் வழவழப்பும் தருகின்றன. அவை உயிர்வளியையும் உறிஞ்சி வைனைக் காக்கின்றன.

அடுத்து நிகழ்வது மாலோலாக்டிக் மாற்றம். பச்சை ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் பாலிலுள்ள லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. இதனால் புளிப்பு தணிகிறது. அப்போது உண்டாகும் டையசெட்டைல் என்னும் சேர்மம் வெண்ணெயில் உள்ள அதே மணத்தைத் தருகிறது. ஆகவே இவ்வகை வைனின் வெண்ணெய் மணம் மரத்திலிருந்து வருவதன்று.

பீப்பாயில் இருக்கும் காலத்தில் வைனின் ஒரு பகுதி மரத்தின் வழியே ஆவியாகிறது. வெற்றிடத்தில் காற்று தங்கினால் வைன் காடியாகக் கூடும். எனவே பீப்பாய்கள் இடைவிடாது நிரப்பி வைக்கப்படுகின்றன. பர்கண்டியின் சிறந்த வெள்ளை வைன்கள் பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் பீப்பாயில் இருக்கும்.

மணமும் சுவையும்

இவ்வகை வைனின் மணங்கள் பல தமிழ்நாட்டு அடுக்களையில் பழக்கமானவை. வைனில் அப்பொருள்கள் சேர்க்கப்படுவதில்லை. அவற்றிலுள்ள அதே சேர்மங்களோ, அவற்றை ஒத்த சேர்மங்களோ மரத்திலும் நொதித்தலிலும் தோன்றுகின்றன.

வனிலா: மரத்தின் லிக்னின் வெப்பத்தில் சிதைந்து தோன்றும் வனிலின்.

கிராம்பு: கிராம்பு எண்ணெயின் முதன்மைப் பொருளான யூசெனால் கருவாலியிலும் உள்ளது.

தேங்காய்: கருவாலி லாக்டோன். அமெரிக்க மரத்தில் மிகுதி, பிரெஞ்சு மரத்தில் குறைவு.

வறுத்த வாதுமை, சுட்ட ரொட்டி: தீயில் வாட்டும்போது மரச் சர்க்கரைகளிலிருந்து தோன்றும் பர்பியூரல் வகைச் சேர்மங்களும் அவற்றை ஒத்த பிறவும்.

புகை: வாட்டத்தில் தோன்றும் குவாயக்கால்.

வெண்ணெய்: மாலோலாக்டிக் மாற்றத்தில் தோன்றும் டையசெட்டைல்.

இவற்றின் அடியில் திராட்சையின் சொந்த மணம் நிற்றல் வேண்டும். சார்டொனே திராட்சையில் அது எலுமிச்சை, ஆப்பிள், பேரி முதலியவற்றை ஒத்திருக்கும். நல்ல வைனில் மரமும் பழமும் புளிப்பும் ஒன்றையொன்று மறைப்பதில்லை. பருகிய பின் சுவை நாவில் நெடுநேரம் தங்குவதும் தரத்தின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. இவ்வைன்களில் பெரும்பாலானவை இனிப்பற்றவை. வனிலா மணம் இனிப்பை நினைவூட்டுவதால் புதிதாகப் பருகுவோர் இவற்றை இனிப்பானவை என எண்ணுவதுண்டு.

முக்கிய வகைகள்

பர்கண்டியின் மெர்சோ, புலின்யி-மோன்ராஷே, ஷசாஞ்-மோன்ராஷே, கோர்த்தோன்-ஷார்லமாஞ் ஆகியவை சார்டொனே திராட்சையில் ஆக்கப்படுபவை. மெர்சோ, புலின்யி, ஷசாஞ் ஆகியவை அடுத்தடுத்த ஊர்கள் எனினும், மெர்சோ கொழுமைக்கும் புலின்யி கூர்மைக்கும் பெயர் பெற்றவை. பர்கண்டியின் திராட்சைத் துண்டுநிலங்கள் 2015இல் உலக மரபுக் களமாக அறிவிக்கப்பட்டன. அதே பர்கண்டியைச் சேர்ந்த ஷாப்லி வைன்களில் பெரும்பகுதி மரத்தைத் தொடாமல் எஃகுத் தொட்டியிலேயே ஆக்கப்படுகிறது. ஒரே திராட்சையில் மரம் செய்யும் வேறுபாட்டை அறிய விரும்புவோர்க்கு மெர்சோவும் ஷாப்லியும் நல்ல ஒப்பீடாகும்.

போர்தோவின் பெசாக்-லெயோஞான் பகுதியில் சோவின்யோன் பிளாங், செமியோன் ஆகிய திராட்சைகள் கலந்து பீப்பாயில் ஆக்கப்படுகின்றன. அதே மாவட்டத்தின் சோத்தேர்ன் இனிப்பு வைனும் பீப்பாயில் முதிர்வதே.

மசுக்கட், ரீசுலிங் போன்ற இயல்பிலேயே மணமிக்க திராட்சைகளைப் பொதுவாகப் புதுப் பீப்பாயில் இடுவதில்லை. மரமணம் அவற்றின் மலர்மணத்தை மறைத்துவிடும். சார்டொனே மணம் அடங்கியது ஆதலின் மரத்தை ஏற்கிறது.

பிரான்சுக்கு வெளியிலும் இம்முறை பரவியுள்ளது. 1976 மே 24 அன்று பாரிசில் நிகழ்ந்த பெயர் மறைத்த சுவைத் தேர்வில், பிரெஞ்சு நடுவர்கள் பர்கண்டி வைன்களை விடக் கலிபோர்னியாவின் சாட்டோ மொன்டெலினா 1973 சார்டொனேக்குக் கூடுதல் மதிப்பெண் அளித்தனர்.

மிகையான மரமணம் பற்றிய விவாதம்

1980களிலும் 1990களிலும் பல நாடுகளில் மரமணமும் வெண்ணெய் மணமும் மிகுந்த சார்டொனே வைன்கள் பெருகின. பழத்தின் தன்மை மரத்தில் மறைந்துபோவதாகக் குறை எழுந்தது. சார்டொனே தவிர வேறு எதுவும் தருக என்னும் நகைச்சுவைத் தொடரும் அக்காலத்தில் வழங்கியது. பின்னர்ப் பல ஆக்குநர்கள் புதுப் பீப்பாய்களின் விகிதத்தைக் குறைத்தும், பெரிய பீப்பாய்களைப் பயன்படுத்தியும் வருகின்றனர். பெரிய பீப்பாயில் வைனின் அளவுக்கு மரத்தின் பரப்புக் குறைவு.

விலை குறைந்த வைன்களில் பீப்பாய்க்கு மாற்றாகக் கருவாலிச் சீவல்களைத் தொட்டியில் இடும் முறையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் இதற்கு இசைவளித்தது. சீவல்கள் மரத்தின் மணத்தைத் தருமே அன்றிப் பீப்பாயின் மெல்லிய காற்றோட்டத்தைத் தருவதில்லை. இத்தகைய வைனைப் பீப்பாயில் முதிர்ந்தது எனக் குறிப்பிடுதல் கூடாது.

பருகும் முறை

மரத்தில் முதிர்ந்த வெள்ளை வைன் 10 முதல் 13 பாகை செல்சியசு வெப்பநிலையில் பருகத்தக்கது. வீட்டுக் குளிர்பெட்டியின் வெப்பநிலை ஏறத்தாழ 4 பாகை. அந்நிலையில் மணம் அடங்கி, மரத்தின் துவர்ப்பு மட்டும் தெரியும். ஆகவே புட்டியைச் சற்று முன்னரே வெளியே எடுத்தல் வேண்டும். ஐரோப்பிய நூல்கள் இதற்கு 20 நிமிடம் என்பதுண்டு. புதுச்சேரி போன்ற வெப்பமான ஊரில் அதில் பாதி போதும். அறை வெப்பநிலையில் பருகலாம் என்னும் வழக்கு ஐரோப்பிய அறைகளை எண்ணிச் சொல்லப்பட்டது. 30 பாகையில் மதுசாரத்தின் எரிப்பே மேலோங்கும்.

அகன்ற வயிறுடைய கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுவர். வெண்பரப்பின் முன் பிடித்து நிறத்தையும், சுழற்றி முகர்ந்து மணத்தையும், ஒரு மிடறு நாவெங்கும் பரவவிட்டுச் சுவையையும் அறிவர். வெள்ளை வைன் ஆண்டு செல்லச் செல்ல நிறம் அடர்கிறது. சிவப்பு வைன் வெளிறுகிறது.

உணவுடன்

வழவழப்பான இவ்வைன் நண்டு, இறால், வெண்ணெயில் சமைத்த மீன், கோழி ஆகியவற்றுடன் ஒத்துப்போகும். மீனுடன் சிவப்பு வைன் ஒவ்வாது என்னும் பழைய வழக்குக்கும் காரணம் உண்டு. வைனிலுள்ள இரும்பு, மீன் கொழுப்புடன் சேர்ந்து கவிச்சைச் சுவையை உண்டாக்குவதாக 2009இல் சப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். இரும்பு பொதுவாகச் சிவப்பு வைன்களில் கூடுதலாகக் காணப்படுகிறது.

தமிழ்நாட்டு உணவுடன் இதனைப் பொருத்துவதில் இரண்டு தடைகள் உள்ளன. மிளகாயின் காரமும் மதுசாரமும் வாயில் ஒரே வெப்ப உணர்வியைத் தூண்டுவதால் எரிச்சல் பெருகும். புளிக்குழம்பு போன்ற மிகுபுளிப்பு உணவின் பின் வைன் தட்டையாகச் சுவைக்கும். தேங்காய்ப்பாலில் காரம் குறைத்துச் சமைத்த மீனும் இறாலும் நன்கு பொருந்தும். புதுச்சேரியின் பிரெஞ்சு–தமிழ்க் கலப்புச் சமையலில் இத்தகைய உணவுகள் பல. மார்செய் நகரின் மீன் சாற்றைத் தழுவி மஞ்சள் சேர்த்துச் செய்யப்படும் புயாபேசு அவற்றுள் ஒன்று.

புதுச்சேரியும் வைனும்

அரிக்கமேடு

புதுச்சேரி நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்புளூசு நூல் குறிப்பிடும் பொதுக்கே துறைமுகம் இதுவே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு ஆய்வாளர் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையிலான குழுவும் இங்கு அகழாய்வு செய்தனர். மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆம்போராச் சாடித் துண்டுகள் பெருமளவில் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த எலிசபெத் வில், பல துண்டுகள் கோசு தீவின் வைன் சாடிகளைச் சேர்ந்தவை என அடையாளம் கண்டார். கடல்நீர் கலந்து ஆக்கப்படுவது கோசு வைனின் தனித்தன்மை. எண்ணெயும் மீன் கூழும் கொண்டுவந்த சாடிகளும் கிடைத்துள்ளன.

இச்சாடிகள் வரலாற்று விவாதம் ஒன்றுக்கும் அடிப்படையாயின. வீலர் இவ்விடத்தைப் பொது ஊழியின் தொடக்கத்தில் உரோமர் வணிகத்தால் தோன்றிய நிலையமாகக் கருதினார். பெக்லியின் ஆய்வு, உரோமர் தொடர்புக்கு முன்பே, பொது ஊழிக்கு முன்னரே, இங்குக் குடியிருப்பு இருந்ததைக் காட்டியது. அதன்படி அரிக்கமேடு உரோமர் உண்டாக்கிய ஊர் அன்று. உரோமரின் பண்டங்களை ஏற்ற தமிழர் ஊரே.

யவனர் கொணர்ந்த நறுமண மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்துவதை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாடல் குறிப்பிடுகிறது. இறக்குமதி மது அரசர்க்குரிய அரும்பொருளாகக் கருதப்பட்டதை இதனால் அறியலாம். அரிக்கமேட்டுப் பொருள்கள் சிலவற்றைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம்.

பிரெஞ்சுக் காலம்

பிரெஞ்சுக் கும்பினியின் கப்பல்கள் லோரியன் துறையிலிருந்து புறப்பட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, பல மாதங்களுக்குப் பின் புதுச்சேரியை அடைந்தன. வெள்ளிக் காசுகளுடன் வைனும் பிராந்தியும் அவற்றில் வந்த சரக்குகள். புதுச்சேரியில் அப்போது கப்பல் அணையத்தக்க துறை இல்லை. கப்பல்கள் கடலில் நங்கூரமிட, சரக்குகள் சலங்கு என்னும் படகுகளில் அலைகளைக் கடந்து கரைக்குக் கொண்டுவரப்பட்டன. "சலங்கு" என்னும் தமிழ்ச்சொல் "ஷெலேங்" எனப் பிரெஞ்சு ஆவணங்களில் இடம்பெற்றது.

வெப்ப மண்டலப் பயணத்தில் எல்லா வைனும் ஒரே விளைவை அடையவில்லை. மதுசாரம் கூட்டப்பட்ட மதெய்ரா வைன் வெப்பத்தால் சுவை மிகுந்தது. அதனால் பின்னர் அதனைத் தீவிலேயே வெப்பமூட்டி ஆக்கலாயினர். மென்மையான வெள்ளை வைனோ வெப்பத்தில் நிறம் மாறி மணம் இழக்கும். 19ஆம் நூற்றாண்டில் போர்தோவின் கோசு தெத்தூர்னெல் தோட்ட உரிமையாளர் தம் சிவப்பு வைனை இந்தியாவுக்கு அனுப்பினார். விற்காமல் திரும்பிய வைன் சுவை கூடியிருந்ததாகக் கருதி "இந்தியாவிலிருந்து திரும்பியது" என அதனை விற்றார் எனக் கூறப்படுகிறது. அத்தோட்டத்தின் கட்டடத்தில் இன்றும் கீழைநாட்டுப் பாணிக் கோபுரங்கள் உள்ளன. 2005ஆம் ஆண்டு விளைச்சல் முதல் அத்தோட்டம் வெள்ளை வைனும் ஆக்கி வருகிறது.

புதுச்சேரியின் ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகத்து 16 அன்று நிறைவுற்றது.

பாதுகாப்பும் குறைகளும்

வைனைச் சேமிக்க ஏறத்தாழ 12 முதல் 14 பாகை வெப்பநிலையும், இருளும், அசைவின்மையும், போதிய ஈரப்பதமும் தேவை. புதுச்சேரியில் மே மாதப் பகல் வெப்பநிலை 35 பாகையைக் கடப்பது வழக்கம். வெப்பத்தில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும். குளிரும்போது சுருங்கிக் காற்றை உள்ளிழுக்கும். நிலவறை இல்லாத கடற்கரை ஊரில், வைனுக்கெனச் செய்யப்பட்ட குளிர்பெட்டி இன்றி நல்ல வைனை ஆண்டுக்கணக்கில் வைத்திருத்தல் அரிது. வாங்கியதை விரைவில் பருகுவதே பொருத்தமானது. தக்கை உலராதிருக்கப் புட்டியைக் கிடத்தி வைப்பர்.

காற்றுப்பட்டுக் கெட்ட வெள்ளை வைன் பழுப்பேறி, வெட்டிய ஆப்பிள், தேன்மெழுகு, வெந்தயம் ஆகியவற்றின் மணத்தைப் பெறும். சோட்டோலோன் என்னும் சேர்மம் இதற்கு ஓர் அடையாளம். வெந்தயத்தின் மணத்துக்கும் இதுவே காரணம். தக்கையில் உண்டாகும் வேறொரு மாசு, நனைந்த அட்டைத்தாளின் நாற்றத்தைத் தரும்.

1990களின் நடுப்பகுதியிலிருந்து விளைந்த பர்கண்டி வெள்ளை வைன்களில், இருபது ஆண்டுகள் தாங்கும் என எதிர்பார்க்கப்பட்ட புட்டிகள் பல ஏழெட்டு ஆண்டுகளிலேயே பழுப்பேறின. ஒரே பெட்டியில் ஒரு புட்டி நன்றாகவும் அடுத்தது கெட்டும் இருந்தது. தக்கையின் தரம், கந்தக ஈராக்சைடு குறைப்பு, மென்மையாகப் பிழிதல், மிகையாக மண்டியைக் கிளறுதல் எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. தனியொரு காரணம் உறுதிப்படவில்லை. சிலர் தக்கையை விடுத்து வேறு மூடிகளுக்கு மாறினர். பீப்பாயில் மெல்ல ஊடுருவி வைனை வளர்க்கும் காற்றே புட்டியில் அதனை அழிப்பதும் ஆகும்.

இந்தியாவில்

இந்தியாவின் வைன் திராட்சை பெரும்பாலும் மகாராட்டிரத்தின் நாசிக் பகுதியிலும் கருநாடகத்திலும் விளைகிறது. பெங்களூருக்கு அருகே நந்தி மலைப் பகுதியில் தோன்றிய குரோவர் நிறுவனம், சென்னையைச் சேர்ந்த டென்னிசு வீரர் விஜய் அமிர்தராஜ் பெயரிலான வரிசையில் வியோனியே திராட்சையில் வெள்ளை வைன் ஒன்றை ஆக்குகிறது. அது பிரெஞ்சுக் கருவாலியில் முதிர்வது.

தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கு திராட்சைக்குப் புகழ் பெற்றது. அங்கு விளையும் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அது பெரும்பாலும் உண்பதற்கே பயிரிடப்படுகிறது. மசுக்கட் இனம் ஆதலின் கருவாலிக்கு ஏற்றதும் அன்று.

உடல்நலமும் சட்டமும்

இவ்வைன்கள் பொதுவாக 12.5 முதல் 14 விழுக்காடு மதுசாரம் கொண்டவை. 13 விழுக்காடு உள்ள 150 மில்லிலீட்டர் வைனில் ஏறத்தாழ 15 கிராம் தூய மதுசாரம் உள்ளது. மதுபானங்கள் புற்றுநோய் உண்டாக்குபவை என உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இல் வகைப்படுத்தியது. தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என அவ்வமைப்பு 2023இல் தெரிவித்தது. பீப்பாயில் முதிர்வது இதனை மாற்றுவதில்லை. கருவுற்றோரும் வண்டி ஓட்டுவோரும் மதுவைத் தவிர்த்தல் வேண்டும். கந்தக ஈராக்சைடு சேர்க்கப்படுவதால் ஈளை நோயுடையோர் சிலருக்கு இது ஒவ்வாமை தரலாம்.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மதுவரி விதிகள் தமிழ்நாட்டின் விதிகளினின்று வேறானவை. புதுச்சேரியில் வாங்கிய மதுவை இசைவின்றித் தமிழ்நாட்டுக்குள் கொண்டு செல்வது சட்டப்படி குற்றமாகும்.

இவற்றையும் பார்க்க

வைன்
கருவாலி மரம்
அரிக்கமேடு
ஆம்போரா
பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினி
பன்னீர்த் திராட்சை